ஹோஸின் கடைசி அரை அடி

சித்திரை, வைகாசி மாதத்து மத்தியானத்தில் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியவர்களுக்கு இது தெரியும். பெங்களூரில் இருக்கும் மகனையோ, டெல்லியில் இருக்கும் மகளையோ பார்க்கப் புறப்படுவோம். உள்ளே போய் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டும். முன் சீட்டுப் பையில் இருக்கும் பாதுகாப்பு அட்டையை எடுத்து எல்லோரும் விசிறிக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர், "டிக்கெட்டுக்கு இவ்வளவு வாங்குறான், ஏசி போட வலிக்குது பாருங்க" என்பார். விமானம் ஓடுபாதைக்கு நகர்ந்த பிறகுதான் மெல்லக் குளிர ஆரம்பிக்கும்.

அந்த விமான நிலையத்தில் தரைத்தளக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் என் காலம் முழுவதும் போயிற்று. அதனால் அப்படி யாராவது திட்டும்போது நான் வாயைத் திறக்காமல் ஜன்னல் வழியாகக் கீழே பார்ப்பேன். பல தடவை குளிரூட்டும் வண்டி விமானத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதன் மஞ்சள் நிற ஹோஸ் வெயிலில் மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும். விமானத்தில் மட்டும் மாட்டியிருக்க மாட்டார்கள்.

ஏன் மாட்டவில்லை என்பதற்கு ஆள் பற்றாக்குறை, நேரம் போதவில்லை, டீசல் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் யாரும் பேசாத காரணம் ஒன்று இருக்கிறது. அந்த ஹோஸின் கடைசி அரை அடியில் இருக்கும் கப்ளிங், மாட்டுகிறவனின் கையை நினைத்துச் செய்யப்பட்டதே இல்லை. அதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். விமானம் நிற்கும்போது பெரிய இன்ஜின்கள் அணைந்திருக்கும். அப்போது உள்ளே விளக்கும் குளிர்ந்த காற்றும் வேண்டுமென்றால் இரண்டு வழி. விமானத்தின் வாலில் ஒரு குட்டி இன்ஜின் இருக்கிறது, ஏ.பி.யூ என்பார்கள். 'ஙொய்ங்' என்று காதைத் துளைக்கும் சத்தம் வருமே, அதுதான். அதை ஓட விடலாம். அல்லது தரையிலிருந்து மின்சாரமும் குளிர்ந்த காற்றும் கொடுக்கலாம். நாம் சாதாரணமாகப் பயணம் செய்யும் 180 பேர் விமானத்தில் அந்தக் குட்டி இன்ஜின் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 100 கிலோ எரிபொருள் போய்விடும். தரையில் நிற்கும் வண்டிக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். சூரிச், கோபன்ஹேகன் மாதிரி விமான நிலையங்களில் ஏ.பி.யூவை இஷ்டத்துக்கு ஓட விடக் கூடாது என்று கட்டுப்பாடே வைத்திருக்கிறார்கள். கோபன்ஹேகனில் ராம்ப்பில் வேலை செய்பவர்கள் சுவாசிக்கும் காற்றில் இருக்கும் நுண்துகள்களை அளந்து பார்த்து, அது ஊழியர்களின் உடல்நலப் பிரச்சினை என்று தொழிற்சங்கங்களே கையில் எடுத்தன. பயணிக்கு வேர்ப்பது ஒரு மணி நேரம். அந்தப் புகையில் நிற்பவனுக்கு அது ஆயுசு முழுக்க.

ஆக, அந்த ஹோஸை மாட்டுவது பயணி, கம்பெனி, தொழிலாளி என மூன்று பேருக்கும் நல்லது. அப்படிப்பட்ட காரியம் தினமும் தட்டிப்போகிறது.

மாட்டுவது எப்படி என்று சொல்கிறேன். விமானத்தின் வயிற்றில், இறக்கைக்குச் சற்று முன்னால், ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் எட்டு அங்குல விட்டத்தில் ஒரு உலோக வளையம். எந்த நாட்டு விமானமானாலும் இந்த எட்டு அங்குலம் மாறாது. பெரிய விமானங்களில் ஒன்றுக்குப் பதில் இரண்டு அல்லது அதற்கு மேல் இருக்கும், அவ்வளவுதான். ஹோஸின் முனையில் உள்ள கப்ளிங்கை அந்த வளையத்தின் விளிம்பில் பொருத்தி, சுற்றியுள்ள கொக்கிகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பூட்ட வேண்டும்.

கேட்பதற்குச் சுலபம். போயிங் 737 என்றால் வயிறு தாழ்வு, ஆள் குனிந்து முதுகை வளைத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும். ஏர்பஸ் 320 என்றால் வளையம் தலைமட்டத்தில் இருக்கும், கையைத் தூக்கியபடி வேலை. அதைவிடப் பெரிய விமானம் என்றால் ஏணிப்படி இல்லாமல் எட்டாது. ஹோஸ் துணியும் ரப்பரும் காப்புப் பஞ்சும் சேர்ந்தது. போன தடவை ஓடியபோது உள்ளே கசிந்த தண்ணீர் அடியில் தேங்கியிருக்கும், அதன் கனமும் கூடச் சேரும். இதை ஒரு கையால் மேலே தூக்கி வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் முதல் கொக்கியை மடக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கொக்கியை மடக்க, தூக்கிப் பிடித்த கையை மாற்ற வேண்டும். மாற்றினால் முதல் கொக்கி நழுவும். கையுறை போட்டிருந்தால் கொக்கியின் வாலில் விரல் நுழையாது. கையுறையைக் கழற்றினால் வெயிலில் கிடந்த உலோகம் சுடும். காதில் ஏ.பி.யூவின் சத்தம். பின்னால் பெல்ட் லோடர்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான்.

அடுத்த விமானத்துக்கு நாற்பது நிமிஷம் இருக்கும்போது ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை இதைச் செய்து பாருங்கள். தோள் வலி இல்லாத ராம்ப் ஆளை நான் பார்த்ததில்லை. ஒப்பந்த ஆட்களுக்கு வலி என்று சொல்லி லீவு போடவும் வழியில்லை.

அதனால் என்ன ஆகும்? "அண்ணே, நாலுல ரெண்டு கொக்கி மாட்டுனா நிக்குதுண்ணே" என்று ஒரு தம்பி என்னிடமே சொன்னான். அவன் சோம்பேறி கிடையாது. ஷிஃப்டிலேயே நன்றாக வேலை செய்கிற பையன். ஆனால் இரண்டு கொக்கியில் நிற்கும் ஹோஸ், காற்று முழு வேகத்தில் வந்ததும் விறைத்துக்கொண்டு நேராக நிமிரப் பார்க்கும். அப்போது ஒரு பக்கம் வாயைப் பிளக்கும். பாதிக் குளிர் ராம்ப்புக்குப் போகும். விமானத்துக்குள் குளிரவில்லை என்று மேலிருந்து சத்தம் வரும். "வண்டியைக் கழற்றுங்க, ஏ.பி.யூ போட்டுக்கறோம்" என்று விமானி சொல்லிவிடுவார். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால், நான்காவது தடவை யார் அந்த ஹோஸைத் தூக்குவார்கள்?

கொக்கி உடைந்தால் கதையே வேறு. நம் தெருவில் தண்ணீர் லாரிக்காரர்கள் ஹோஸையும் குழாயையும் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டி இணைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பல கோடி ரூபாய் விமானத்தின் வயிற்றில் அதே சைக்கிள் டியூப் தொங்கிக்கொண்டிருந்தது. உதிரி கொக்கி கேட்டு மூன்று மாதம் எழுதிக்கொண்டே இருந்தேன். குளிரூட்டும் வண்டி மூலதனச் செலவு, அதற்கு மேலிடத்தில் மரியாதை உண்டு. ஹோஸும் கப்ளிங்கும் தேய்மானப் பொருள், பினாயில், துடைப்பம் வாங்கும் கணக்கில் வரும். எவன் குறைந்த விலை சொல்கிறானோ அவனிடம் வாங்குவார்கள்.

அதே விமானத்தில், பத்தடி தள்ளி, இறக்கைக்கு அடியில் எரிபொருள் நிரப்பும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் நாசிலைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். இரண்டரை அங்குல இணைப்பு. இரு பக்கமும் கைப்பிடி. வளையத்தின் காதுகளுக்கு நேராக வைத்துத் திருப்பினால் அப்படியே உட்கார்ந்துவிடும். விமானத்தோடு சரியாகப் பூட்டாத வரை வால்வைத் திறக்கும் கைப்பிடி அசையாது. வால்வை மூடாத வரை நாசில் கழன்று வராது. தப்பாக மாட்டலாம் என்று நினைத்தாலும் முடியாது. 50 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எரிபொருள் பாயும் இடம், கொட்டினால் தீ, அதனால் அவ்வளவு யோசித்துச் செய்தார்கள்.

நம் வீட்டு கேஸ் சிலிண்டரிலும் இதே யோசனைதான். ரெகுலேட்டரின் குமிழை அணைத்த நிலைக்குத் திருப்பாமல் கழற்ற முடியாது. படிக்காத பாட்டியும் 'டக்' என்ற சத்தத்தை வைத்தே சரியாக உட்கார்ந்துவிட்டது என்று கண்டுகொள்வாள். விமானத்தின் தண்ணீர் இணைப்புகளிலும் புத்திசாலித்தனம் உண்டு. குடிதண்ணீர் நிரப்பும் வாய் முக்கால் அங்குலம், கழிவறைத் தொட்டியைக் கழுவும் தண்ணீருக்கு ஒரு அங்குலம், கழிவு வெளியேற நாலு அங்குலம். அவசரத்தில் கூட ஒன்றை இன்னொன்றில் மாட்ட முடியாது. (கழிவு ஹோஸைக் கழற்றும்போது உள்மூடி சரியாக அடைக்காமல் போனால் கீழே நிற்பவனின் கதி என்ன என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பவர்கள் இருப்பதால் எழுதாமல் விடுகிறேன்.)

ஆகவே கப்ளிங்கை நன்றாகச் செய்ய மனிதனுக்குத் தெரியும். ஆபத்து உடனே கண்ணில் தெரிகிற இடத்தில் மட்டும் செய்திருக்கிறான். தோள் வலி உடனே கண்ணில் தெரியாது.

கப்ளிங் சின்ன விஷயம்தானே என்பவர்களுக்காக ஒரு பழைய கதை. 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் தீப்பிடித்தது. உள்ளூர்ப் படையால் அடக்க முடியவில்லை. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகளை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். வந்து இறங்கியவர்களிடம் ஆள் இருந்தது, பம்ப் இருந்தது, ஹோஸ் இருந்தது. பல வண்டிகளின் ஹோஸ் கப்ளிங் மட்டும் பால்டிமோர் தெருவில் இருந்த தண்ணீர்க் குழாயின் மரையோடு சேரவில்லை. தீ முப்பது மணி நேரம் எரிந்தது, 1,500 கட்டடங்களுக்கு மேல் சாம்பல். பிறகு அந்த நாட்டு அரசின் அளவைத் தர நிலையம் ஊர் ஊராக விசாரித்தபோது, அறுநூறுக்கும் மேற்பட்ட விதமான கப்ளிங்குகள் புழக்கத்தில் இருந்தது தெரிந்தது. உடனே பொது அளவு ஒன்றை வகுத்தார்கள். வகுத்தும் 1991இல் ஓக்லாந்து மலைப்பகுதியில் தீப்பிடித்து 25 பேர் இறந்தபோது, உதவிக்கு வந்த வெளியூர்ப் படைகளின் இரண்டரை அங்குல ஹோஸ் அந்த ஊரின் மூன்று அங்குலக் குழாயில் சேரவில்லை.

விமானத்துறை இந்த ஒரு விஷயத்தில் முன்யோசனையோடு நடந்துகொண்டது. விமானத்தின் பக்கத்தில் இருக்கும் வளையம் உலகம் முழுக்க ஒரே அளவு. ஆனால் ஹோஸின் பக்கம் அந்த வளையத்தை எப்படிப் பிடிக்க வேண்டும், மாட்டுகிறவன் எத்தனை கையால் பிடிக்க வேண்டும் என்பதைச் செய்பவன் பாட்டுக்கும் வாங்குபவன் பாட்டுக்கும் விட்டுவிட்டார்கள். எட்டு அங்குலத்தோடு பொருந்தினால் போதும், டெண்டரில் டிக் விழுந்துவிடும்.

என்னைக் கேட்டால் முதல் மாற்றம் இதுதான். கப்ளிங்கின் மேல் பக்கத்தில் ஒரு பிடி வேண்டும், வளையத்தின் விளிம்பில் முதலில் தொங்கவிடுவதற்கு. பனியனைக் கொடியில் போடுவது போல மேலே மாட்டிவிட்டால் ஹோஸின் பாரம் விமானத்தின் மேல் நிற்கும், ஆளின் தோளில் நிற்காது. அதன் பிறகு பூட்டுகிற வேலையை நிதானமாகச் செய்யலாம். தூக்குவதையும் பூட்டுவதையும் ஒரே நேரத்தில் செய்ய வைப்பதுதான் இப்போதைய கப்ளிங்குகளின் மூலக் கோளாறு. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

பூட்டுவதற்கும் நாலு கொக்கி எதற்கு? ஒரே நெம்புகோலை இழுத்தால் எல்லாக் கொக்கிகளும் சேர்ந்து இறுகும்படி செய்யலாம். டேங்கர் லாரிக்காரர்கள் பயன்படுத்தும் கேம்லாக் கப்ளிங்கில் இரண்டு பக்க நெம்புகோலை மடக்கினால் வேலை முடிகிறது. ரசாயனமே அதில் போகும்போது காற்று போகாதா? பாதி பூட்டிய நிலையில் சிவப்புப் பட்டை வெளியே தெரிய வேண்டும், முழுதும் பூட்டினால் மறைந்துவிட வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் மேற்பார்வையாளர் டார்ச் அடித்துத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கையுறை போட்ட முழுக் கையும் நுழையும் அளவுக்குக் கைப்பிடி இருக்க வேண்டும். கப்ளிங்குக்குப் பின்னால் ஹோஸ் தன் இஷ்டத்துக்குச் சுழலும்படி ஒரு கழுத்து வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கிக்கொண்ட ஹோஸ், ஆள் ஒரு பக்கம் திருப்ப அது இன்னொரு பக்கம் திரும்பும்.

இன்னொன்று, இதை இன்ஜினியர்கள் ஒத்துக்கொள்ளத் தயங்குவார்கள். கப்ளிங் விமானத்தைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும். ஹோஸைக் கழற்ற மறந்து வண்டியை நகர்த்துவது உலகத்தில் எல்லா விமான நிலையங்களிலும் நடக்கும் சங்கதி. அப்போது கப்ளிங்தான் உடைய வேண்டும். அது சில ஆயிரத்தில் முடியும். விமானத்தின் வளையம் பிய்ந்தால் அந்த விமானம் அன்றைக்குப் பறக்காது. ரயிலில் இதைப் பார்க்கலாம். பெட்டிகளுக்கு இடையே தொங்கும் பிரேக் ஹோஸ்கள், பெட்டி பிரிந்தால் தாமாகவே விடுபட்டுக்கொள்ளும், காற்று வெளியேறி பிரேக் பிடித்துவிடும். பல்லாவரம் ஸ்டேஷனில் சரக்கு ரயில் நின்றால் எட்டிப் பாருங்கள். அந்த ஹோஸின் தலையில் ஆண், பெண் என்ற பேதம் கிடையாது, இரண்டும் ஒரே ஜாடை. எந்தப் பக்கத்து முனையும் எதிர்ப்பக்கத்தோடு கைகுலுக்கும்.

இதில் எதுவும் புது விஞ்ஞானம் கிடையாது. ஒவ்வொன்றும் எங்கேயோ ஒரு தொழிலில் தினமும் நடப்பதுதான். ஒரே கப்ளிங்கில் சேர்த்துச் செய்து கொடு என்று கேட்கிற ஆள்தான் இல்லை. மாட்டுகிறவன் வாங்குவதில்லை, வாங்குகிறவன் மாட்டுவதில்லை.

சின்ன வயசுக்காரர்கள் சிலர், "இன்னும் பத்து வருஷத்தில் ரோபோ வந்து மாட்டிவிடும், அங்கிள்" என்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் மனிதக் கைக்கே வளைந்து கொடுக்காத கொக்கியை ரோபோவின் கைக்குப் பழக்குவது இன்னும் செலவு. ஒரே வீச்சில் உட்காரும் கப்ளிங் இரண்டு பேருக்கும் உதவும்.

கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் காலை நடைக்கு என்னோடு வருகிறார். இதையெல்லாம் சொன்னதும், "சார், நீங்க சொல்றது சரி. ஆனா 'கைக்கு வசதியா இருக்கணும்'னு டெண்டர்ல எழுத முடியாது. ஆடிட்காரன் அளவு என்னன்னு கேப்பான்" என்றார். நியாயமான கேள்வி. அவர் இருபத்தைந்து வருஷம் ஆடிட்காரர்களுக்குப் பதில் சொன்னவர்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதி மறுநாள் கொடுத்தேன். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர், தனியாக, தோல் கையுறையோடு, இருட்டிய பிறகு, தலைமட்டத்தில் உள்ள வளையத்தில் ஹோஸைத் தொங்கவிட்டுப் பூட்ட 30 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. குனிந்த நிலையிலும் அதே 30 விநாடி. பத்து தடவை தொடர்ந்து செய்து காட்ட வேண்டும். செய்பவர் விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது, நம் ராம்ப் ஷிஃப்டிலிருந்து போக வேண்டும். மாதிரி கப்ளிங் இதில் தேறினால்தான் விலை உறையைப் பிரிக்க வேண்டும்.

நண்பர் இரண்டு தடவை படித்தார். "160 எதுக்கு? 170னு போடுங்களேன், நாலு கம்பெனியாவது கலந்துக்குவான்" என்றார். ராம்ப்பில் வேலை செய்கிற பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை இப்போது என் காலத்தைவிட எவ்வளவோ கூடியிருக்கிறது. அதனால் 160ஐ மாற்றவில்லை.